தானே டியூன் ஆகும் கார்புரேட்டர் செயின்சாவில் கூடுதல் பவர் எடுப்பது எப்படி

ஸ்டில் எம்-ட்ரோனிக், ஹஸ்க்வர்னா ஆட்டோட்யூன் வகை செயின்சாக்களில் ஸ்க்ரூ டிரைவரால் திருப்ப எச், எல் ஸ்க்ரூக்கள் (அதிவேக, குறைவேகக் கலவையைச் சரிசெய்பவை) இல்லை. பெட்ரோல் அளவை ஒரு சிறிய மின்காந்த வால்வு தீர்மானிக்கிறது. அதை ஆட்டிவைக்கும் மின்னணுப் பகுதி எம்-ட்ரோனிக்கில் பிளைவீல் அருகே உள்ள இக்னிஷன் காயிலோடு சேர்ந்திருக்கும். ஆட்டோட்யூனில் கார்புரேட்டரிலேயே இருக்கும். பேட்டரி கிடையாது. பிளைவீல் காந்தம் சுற்றும்போது உண்டாகும் மின்சாரமே போதும்.

மரத்தை அறுத்துக்கொண்டிருக்கும்போது கலவையை ஒரு கணம் சற்றே மாற்றி, எஞ்சின் வேகம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் இதன் வேலைமுறை. பெட்ரோலைக் குறைத்தபோது வேகம் ஏறினால் கலவை ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) இருந்தது என்று பொருள், இறங்கினால் லீன் (பெட்ரோல் குறைவு). ஆகவே சைலன்சரைத் திறந்துவிட்டால் கூடுதல் காற்றுக்கேற்ற பெட்ரோலை அதுவே கொடுத்துவிடும். ஆனால் வால்வு முழுக்கத் திறந்தாலும் ஜெட்டின் துளை விடும் அளவுக்கு மேல் ஒரு சொட்டும் வராது. அந்த எல்லையைத் தாண்டிய மாற்றம் எதுவானாலும் எஞ்சின் லீனாக ஓடி, சூடேறி, பிஸ்டன் சீஸ் ஆகும் (சிலிண்டரில் இறுகிவிடும்). பவர் கூட்டும் வேலை முழுக்க இந்த எல்லைக்குள் நிற்பதுதான்.

முதலில் லீக் டெஸ்ட்

சாதாரண கார்புரேட்டரில் கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) கசிந்தால் ஐடில் கெட்டு, வேகம் தாறுமாறாக ஏறிக் காட்டிக்கொடுக்கும். இந்த வகையிலோ வால்வு கூடுதல் பெட்ரோல் விட்டு அதை மறைத்துவிடும். எல்லையில் பாதியைக் கசிவே தின்றுகொண்டிருக்க, நாம் சைலன்சரையும் திறந்தால் மிச்சமும் போய்விடும். எக்ஸாஸ்ட், இன்டேக் இரண்டையும் அடைத்துவிட்டு, 0.5 பார் அழுத்தத்தில் 20 விநாடி நிற்கிறதா பாருங்கள். பிறகு 0.5 பார் வாக்குவம். அழுத்தம் கொடுக்கும்போது நன்றாக இருக்கும் சீல் வாக்குவத்தில் உதடு விரிந்து காற்றை இழுப்பது சகஜம், அதனால் இரண்டுமே வேண்டும். ஏர் பில்டரும் பிளக்கும் சுத்தமாக இருக்கட்டும். பிளக் இடைவெளி 0.5 மி.மீ.

சைலன்சர்

கொடுக்கும் உழைப்புக்கு அதிகப் பலன் தருவது இதுதான். பலருக்கு இதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. எஞ்சின் குளிர்ந்தபின் சைலன்சரைக் கழற்றி, சிலிண்டரின் எக்ஸாஸ்ட் துளையை வெர்னியரால் அளங்கள். வெளியேறும் வழிகளின் மொத்தப் பரப்பு அந்தத் துளையின் பரப்பில் 75 முதல் 80 சதவீதம் வரை இருக்கலாம் என்பது செயின்சா எஞ்சினை மாற்றியமைப்பவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. உதாரணமாக, துளை 34 × 14 மி.மீ. என்றால் பரப்பு 476 சதுர மி.மீ.; அதில் 75 சதவீதம் 357. இப்போதுள்ள வழி 180 சதுர மி.மீ. என்றால் இன்னும் 177 தேவை. 15 மி.மீ. விட்டமுள்ள ஒரே துளை அதைக் கொடுத்துவிடும். அதற்குமேல் திறந்தால் சத்தம்தான் கூடும், பவர் கூடாது. எக்ஸாஸ்ட்டில் எதிர் அழுத்தமே இல்லாமல் போனால் புதுக் கலவையும் சேர்ந்து வெளியே ஓடும்.

உள்ளே தடுப்புத் தகடு இருந்தால் வெளித்துளை போடுவதற்கு முன் அதைப் பாருங்கள். வெளியே அகலமாகவும் உள்ளே நெருக்கமாகவும் விட்டால் பயனில்லை. புதுத் துளை பிளாஸ்டிக் மூடி, டேங்க், முன்கைப்பிடி எதையும் நோக்கக் கூடாது, 2 மி.மீ. தகட்டில் ஒரு சின்ன மூக்கு வெல்டு செய்து பார் (செயின் ஓடும் நீளத் தகடு) பக்கம் திருப்புங்கள். சைலன்சரை எஞ்சினில் வைத்தே துளையிடுவது வேண்டவே வேண்டாம்: ஓர் இரும்புத் துணுக்கு உள்ளே போனால் சிலிண்டரின் நிக்கசில் பூச்சு கோடு விழுந்து முடிந்தது. வேலை முடிந்ததும் பெட்ரோலில் கழுவி, காற்றடித்து, கவிழ்த்துத் தட்டுங்கள். தீப்பொறி வலையை மீண்டும் பொருத்துங்கள். அமெரிக்கத் தேசிய வனங்களில் அது சட்டப்படி கட்டாயம். காய்ந்த புல்வெளியில் எங்குமே அது இல்லாமல் ஓட்டக் கூடாது. கேட்டலிட்டிக் சைலன்சர் (புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்ட் உள்ளது) உள்ள மாடலாக இருந்தால் வெட்டித் திறக்காமல், கேட்டலிஸ்ட் இல்லாத மாடலின் சைலன்சரைத் தேடுவது மேல். எமிஷன் பாகங்களில் கைவைப்பதற்குப் பல நாடுகளில் தடை உண்டு, வாரண்டியும் போகும்.

கேலிப்ரேஷன்

மாற்றத்துக்குப் பின் மின்னணுப் பகுதி புதிய கலவையைக் கற்றுக்கொள்வதே கேலிப்ரேஷன். எம்-ட்ரோனிக்கில் பாரும் செயினும் மாட்டி, பிரேக்கைப் போட்டு, லீவரை ஸ்டார்ட் நிலையில் வைத்து இழுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரைத் தொடாமல் அப்படியே ஓடவிடுங்கள். பிறகு பிரேக்கை விடுவித்து, குறைந்தது 30 விநாடி முழு ஆக்சிலேட்டர். இடையில் வேகம் ஏறி இறங்கும், விட்டுவிடாதீர்கள். தெளிவாகக் காதில் விழும்படி வேகம் ஒருமுறை குறையும். அதுவே முடிந்ததற்கு அடையாளம். நடுவில் அணைந்தால் முதலிலிருந்து. முதல் கட்டத்தின் நேரம் மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள். ஆட்டோட்யூனில் இந்தச் சடங்கு இல்லை. நல்ல தடிமனான கட்டையில் சில நிமிடம் முழு வேகத்தில் அறுத்தால் அதுவே கற்றுக்கொள்ளும்.

பலனை டாக்கோமீட்டரில் தேடாதீர்கள். ஸ்டில் எம்.எஸ். 261 சி-எம் சும்மா சுற்றும்போது 14,000 ஆர்.பி.எம்-மில் மின்னணு வேகத்தடை பிடித்துவிடும், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதே எண்தான். ஒரே கட்டை, ஒரே செயின், எஞ்சின் சூடான பின் மூன்று வெட்டு, ஸ்டாப்வாட்ச்: இதுதான் அளவுகோல். அப்படியே இன்னொன்று: மரத்திலிருந்து தூக்கும்போது வரும் படபட ஓசையை ரிச் கலவை என்று நம்பிவிடக் கூடாது, அது வேகத்தடையின் ஓசையாகவும் இருக்கலாம்.

பேஸ் பேக்கிங்கும் டைமிங்கும்

சிலிண்டரின் அடியில் உள்ள பேஸ் பேக்கிங்கை எடுத்தால் சிலிண்டர் இறங்கி, கம்ப்ரஷன் கூடும். முதலில் இடம் இருக்கிறதா என்று பார்க்க, பிளக் துளை வழியே 1.6 மி.மீ. சாலிடர் கம்பியை பிஸ்டன் பின் இருக்கும் அச்சில் இருபுறமும் விட்டு, பிளைவீலை மெல்லச் சுற்றி நசுக்கி அளங்கள். நசுங்கிய தடிமனே பிஸ்டனுக்கும் சிலிண்டர் தலைக்கும் உள்ள இடைவெளி, அது 0.5 மி.மீ-க்குக் கீழே போகக் கூடாது. கம்பி 1 மி.மீ. காட்டி, பேக்கிங் 0.5 மி.மீ. தடிமன் என்றால் பேக்கிங்கை எடுத்துவிட்டு சீலண்ட் போட்டு மூடலாம். 0.9 காட்டினால் தொடாதீர்கள். அதிவேகத்தில் ராடு நீண்டு, பிஸ்டன் சிலிண்டர் தலையில் தட்டும். சிலிண்டர் இறங்கினால் எக்ஸாஸ்ட் தாமதமாகத் திறக்கும், இன்டேக் திறந்திருக்கும் நேரமோ கூடும். இழுவை கூடும், உச்சவேகம் சற்றுக் குறையும். மூடியபின் லீக் டெஸ்டை மறுபடி செய்யுங்கள்.

தனிச் சாவி (பிளைவீலைத் தண்டில் நகராமல் பிடிக்கும் சிறு துண்டு) உள்ள பிளைவீலில் சாவியை 0.5 மி.மீ. அரத்தால் தேய்த்து இக்னிஷனை முன்னே தள்ளுவது பழைய வித்தை. 15 மி.மீ. தண்டில் அது 4 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. சக்கரத்தோடு சேர்த்தே வார்த்த சாவியில் இதைச் செய்யாதீர்கள்: நழுவினால் சக்கரம் போச்சு.

தொடவே கூடாதது, ஸ்டில்லின் டூ-மிக்ஸ், ஹஸ்க்வர்னாவின் எக்ஸ்-டார்க் எஞ்சின்களில் பெட்ரோல் கலவாத காற்று மட்டும் நுழையும் பக்கத் துளைகள். அவற்றை அகலமாக்கினால் காற்று கூடும், அதற்கு ஈடான பெட்ரோலுக்கு வழி இல்லை.

பெட்ரோல்

எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்குக் கூடுதல் அளவு எரிபொருள் வேண்டும். அதாவது எத்தனால் கலந்த பெட்ரோலும் வால்வின் எல்லையில் பங்கு கேட்கும். இந்தியப் பெட்ரோல் பங்க்குகளில் பரவலாகக் கிடைக்கும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்தது), மாற்றம் செய்த எஞ்சினுக்கு ஏற்றதல்ல. எத்தனால் இல்லாததைத் தேடுங்கள். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயில், 40:1 என்றால் 25.

முதல் இரண்டு டேங்க் ஓடியபின் சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் துளை வழியே பிஸ்டன் பக்கவாட்டைப் பாருங்கள். செங்குத்துக் கீறல் தொடங்கியிருந்தாலும், நீண்ட வெட்டில் சூடேற ஏற வேகம் சரிந்தாலும், ஆக்சிலேட்டரை விட்டபின் ஐடிலுக்கு இறங்கத் தயங்கினாலும் வால்வு எல்லையைத் தொட்டுவிட்டது. லீக் இல்லை, பெட்ரோல் பில்டரும் சுத்தம் என்றால் புதுத் துளையின் மேல் தகடு வைத்துப் பாதி அடைத்துவிட்டு, கேலிப்ரேஷனை மறுபடி செய்யுங்கள்.