நார்வே கடலோரக் கப்பலில் 12 நாள்: ஹொன்னிங்ஸ்வோக்கில் இறங்கி ஏறுவது எப்படி

பெர்கனில் ஏறி, ரஷ்ய எல்லைக்குப் பக்கத்திலிருக்கும் கிர்கெனெஸ் வரை போய், மறுபடி பெர்கனுக்கே திரும்பும் நார்வே கடலோரக் கப்பலுக்கு டிக்கெட் போட்டவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை ஸ்வெட்டர் வேண்டும்?" என்றுதான். குளிரைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டத்தால் அந்தத் துறைமுகங்கள் நடுக்குளிர்காலத்திலும் உறைவதில்லை, கரையோரத்தில் வெப்பநிலை பெரும்பாலும் மைனஸ் 5ஐ ஒட்டித்தான் இருக்கும். ஆளைப் படுத்துவது இரண்டே இரண்டு: காற்றும், தரையில் கண்ணாடி மாதிரி படிந்து கிடக்கும் பனிக்கட்டியும். அந்த இரண்டையும் சமாளிக்கத் தெரிந்தால் மீதி எல்லாம் தானாக நடக்கும்.

விசா, விமான டிக்கெட், பணம் மாற்றுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. நேரே கப்பலுக்குப் போய்விடுவோம்; ஹொன்னிங்ஸ்வோக் என்பது நார்வேயின் வடகோடியில், நார்த் கேப் பாறைக்குப் பக்கத்தில் அந்தக் கப்பல் நிற்கும் ஊர்.

படி 1: கேபின் தேர்வு

நடுப்பகுதி, கீழ் டெக். ஆட்டம் குறைவாக இருப்பது அங்கேதான். மூக்குப் பக்கம் வேண்டவே வேண்டாம். இந்தக் கப்பல் போகவர 34 துறைமுகங்களைத் தொடுகிறது, அதில் பல நடுராத்திரியில் வரும், ஒவ்வொரு முறை கரையணையும்போதும் முன்பக்கத்தில் இருக்கும், கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் உந்திகள் ஓடி கேபின் முழுக்க அதிரும். ஜன்னலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதா என்று கேட்டால், என் பதில் வேண்டாம் என்பதுதான். விழித்திருக்கும் நேரமெல்லாம் மேலே கண்ணாடிச் சுவர் போட்ட ஓய்வறையில்தான் இருப்பீர்கள். அந்தக் காசை நல்ல ஷூவில் போடுங்கள்.

படி 2: கப்பலின் நாளைப் புரிந்துகொள்வது

நீச்சல்குளம், நடனம், கேசினோ என்று சொகுசுக் கப்பல் விளம்பரங்களில் பார்த்ததை மறந்துவிடுங்கள். இது உழைக்கிற கப்பல். 1893ல் ரிச்சர்ட் வித் என்ற கேப்டன் ட்ரொண்ட்ஹைமிலிருந்து ஹம்மர்ஃபெஸ்டுக்குத் தபாலும் சரக்கும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு தொடங்கிய வழி இது, இன்றும் ஊர்க்காரர்கள் ஒரு துறைமுகத்தில் ஏறி அடுத்ததில் இறங்குவார்கள், ஃபோர்க்லிஃப்ட் சரக்கை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். 2021லிருந்து ஹூர்டிக்ரூட்டன், ஹாவிலா என்று இரண்டு நிறுவனங்கள் இந்த வழியைப் பகிர்ந்து ஓட்டுகின்றன.

முதல் தடவை போகிறவர்கள் எல்லாத் துறைமுகத்துக்கும் எழுந்து நின்று மூன்றாம் நாளே களைத்துப்போகிறார்கள். வடக்கே போகும்போது இரவில் தாண்டும் ஊர்களில் பெரும்பாலானவை திரும்பி வரும்போது பகலில் வரும்படி அட்டவணையே அமைந்திருக்கிறது. அதை எடுத்து எந்த ஊரில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். கால் மணி, அரை மணி நிற்கும் ஊர்களை டெக்கிலிருந்தே பார்த்துவிட்டு, பெர்கன், ட்ரொண்ட்ஹைம், டிரோம்சோ, ஹொன்னிங்ஸ்வோக், கிர்கெனெஸ் மாதிரி மணிக்கணக்கில் நிற்கும் இடங்களுக்கு உடம்பை வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் ஆடும் இடங்களும் முன்கூட்டியே தெரிந்தவைதான். கப்பல் பெரும்பாலும் தீவுகளுக்கு உள்பக்கமாகவே போகும். ஸ்டாட் முனை, ஹுஸ்தாட்விகா, போடோவைத் தாண்டியதும் வரும் வெஸ்ட்ஃபியோர்டன், அப்புறம் ஹொன்னிங்ஸ்வோக்குக்குக் கிழக்கே பாரென்ட்ஸ் கடல், முக்கியமாக இந்த நான்கிலும் திறந்த கடல். குமட்டல் மாத்திரை எடுப்பவர்கள் இந்த இடங்களுக்கு முன்னாலேயே போட்டுக்கொள்ள வேண்டும், வயிறு புரட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் அது உள்ளே தங்காது. சுக்கு எனக்கு ஓரளவு கேட்கிறது. வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டச் சாப்பிடுவதும் ஆகாது.

படி 3: சாப்பாடு

சைவம் என்றால் டிக்கெட் போடும்போதே எழுதிக் கொடுங்கள், ஏறிய அன்றும் சாப்பாட்டு அறையில் ஒரு தடவை நேரில் சொல்லுங்கள், மீன் சைவமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பருப்புப் பொடி, ஊறுகாய் எடுத்துப் போகலாம். நெய் வேண்டாம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர நார்வே விடுவதில்லை. கேபினில் கெட்டில், ரைஸ் குக்கர் வைக்கவும் விடமாட்டார்கள். கரையில் ஹோட்டல் விலை கண்ணைக் கட்டும். ரேமா 1000, கிவி மாதிரி சூப்பர்மார்க்கெட்டுகளில் ரொட்டி, தயிர், பழம் வாங்கி வைத்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம், குழாய்த் தண்ணீரே அருமையாக இருக்கும்.

படி 4: காற்றைப் படிப்பது

செல்போனில் யர் என்ற செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். நார்வே வானிலை நிறுவனமும் அந்நாட்டு அரசு ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்துவது, இலவசம். நம் செல்போனில் ஏற்கெனவே இருக்கும் வானிலைச் செயலிகளை நான் அங்கே திறப்பதே இல்லை.

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். யர் காற்றின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று காட்டும். "காற்று 15" என்று பார்த்ததும் நம் மூளை அதை மணிக்கு 15 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டு, மெரினா காற்று அளவுதானே என்று நினைத்துவிடும். 3.6ஆல் பெருக்க வேண்டும். 15 என்றால் மணிக்கு 54 கிலோமீட்டர். வெப்பநிலை மைனஸ் 5ஆக இருக்கும்போது அந்தக் காற்று அடித்தால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 15 மாதிரி இருக்கும். அடைப்புக்குறிக்குள் இன்னொரு எண் இருக்கும், அது திடீர் வீச்சின் வேகம். நான் முதலில் பார்ப்பது அதைத்தான், ஏனென்றால் பனிக்கட்டித் தரையில் நிற்கும் ஆளைத் தள்ளிவிடுவது அந்த வீச்சு.

என் வழக்கம் இது. 8 வரை என்றால் தாராளமாக நடக்கலாம். 8லிருந்து 14 வரை என்றால் முகத்தை மூடிக்கொண்டு கட்டடங்களின் மறைவில் நடப்பது. அதற்கு மேல், பெரியவர்கள் கூட இருந்தால், துறைமுகத்தை ஒட்டி ஏதாவது காப்பிக்கடையோடு நிறுத்திக்கொள்வது.

படி 5: உடுத்தும் வரிசை

மூன்று அடுக்கு என்று எல்லோரும் சொல்வார்கள்: உடம்பை ஒட்டித் தெர்மல், அதற்கு மேல் ஃப்ளீஸ், வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட். சரிதான். ஆனால் நம் ஆட்கள் தெர்மலுக்கு உள்ளே வழக்கமான பருத்தி பனியனைப் போட்டுக்கொள்கிறார்கள். அதோடு எல்லாம் வீண். பனியன் வியர்வையைக் குடித்து ஈரமாகவே வைத்திருக்கும், வெளியே போன பத்தாவது நிமிடம் முதுகு சில்லிட்டுவிடும். பனியன் கிடையாது, தெர்மல்தான் முதல் துணி. மெரினோ கம்பளி கிடைத்தால் அதுவே, கப்பலில் துணி துவைக்கிற வேலை குறையும், நாலைந்து நாள் போட்டாலும் நாற்றம் வராது. விலை ஜாஸ்தி என்றால் டெகாத்லானில் விற்கும் செயற்கை இழைத் தெர்மலே போதும்.

அடுத்து நேரம். கேபினுக்குள் நல்ல வெதுவெதுப்பு, இறங்கும் வரிசையோ நீளம். கேபினிலேயே எல்லாவற்றையும் மாட்டி, ஜிப்பைக் கழுத்து வரை இழுத்து, தொப்பியும் போட்டு அந்த வரிசையில் நின்றால் கதவு திறக்கும் முன்பே நனைந்துவிடுவீர்கள். அதனால் தெர்மலும் பேன்ட்டும் சாக்ஸும் ஷூவும் கேபினில், ஃப்ளீஸும் ஜாக்கெட்டும் ஜிப் திறந்தபடி, தொப்பி, கையுறை, கழுத்துத் துணி எல்லாம் பையில். கதவிலிருந்து குளிர்காற்று முகத்தில் பட்ட பிறகு மூடினால் போதும்.

சாக்ஸ் உள்ளே மெல்லியது ஒன்று, வெளியே கம்பளி ஒன்று. அதற்கு இடம் கொடுக்க ஷூ ஒரு சைஸ் பெரிதாக வேண்டும். ஷூவுக்குள் கால்விரல்களை மடக்கி நீட்ட முடிகிறதா என்று கடையிலேயே இரண்டு சாக்ஸோடு போட்டுப் பாருங்கள், இறுக்கமான ஷூவில் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப்போகும்.

கடைசியாக ஷூவுக்கு அடியில் மாட்டும் ஆணி. இதை நார்வேயில் ப்ரொடர் என்று கேளுங்கள், மருந்துக் கடையில்கூடக் கிடைக்கும். சுருள் கம்பி வகை, சங்கிலி வகை, ரப்பர் பட்டையில் குட்டி ஆணி பதித்த வகை என்று மூன்று உண்டு. ஊருக்குள் நடக்க ஆணி வகைதான் என் தேர்வு. சங்கிலி மலையேற்றத்துக்கு, சுருள் கம்பி மென்பனிக்குப் பரவாயில்லை, ஆனால் கெட்டியான பனிக்கட்டியில் அதற்கு அவ்வளவு பிடிப்பில்லை. இதையும் கேபினில் மாட்டக் கூடாது. பனிக்கட்டியில் கவ்வும் ஆணி இரும்புப் படியிலும் கல் தரையிலும் வழுக்கும், கப்பலிலிருந்து கரைக்கு இறங்கும் பாலமான கேங்வே இரும்பு. கேங்வேயைத் தாண்டித் துறைமுக மேடையில் கால் வைத்ததும், சுவரையோ கம்பியையோ பிடித்துக்கொண்டு முன்பக்கத்தை விரலுக்கு மேல் மாட்டி, குதிகாலை இழுத்துவிடுங்கள். தடித்த ஜாக்கெட்டோடு குனிந்து இதைச் செய்வது சுலபமில்லை, அதனால் வீட்டிலேயே ஜாக்கெட் போட்டுக்கொண்டு கொஞ்சம் பழகுங்கள். கடைக்குள் நுழையும்போது கழற்றிவிட வேண்டும்.

நடக்கும்போது குட்டிக் குட்டி அடி, பாதம் முழுக்கத் தரையில் பதியும்படி. கை பாக்கெட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

படி 6: ஹொன்னிங்ஸ்வோக்கில்

வடக்கே போகும்போது முற்பகலில் வந்து சுமார் மூன்றரை மணி நேரம் நிற்கும். கப்பலே காலியாகிற மாதிரி எல்லோரும் பஸ் ஏறி நார்த் கேப் போவார்கள், 307 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை, 71 டிகிரி 10 நிமிட வட அட்சம், உச்சியில் இரும்பு உருண்டை. குளிர்காலத்தில் கடைசி 13 கிலோமீட்டர் சாலையில் பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் பஸ்கள் வரிசையாகத்தான் போக முடியும், காற்று மோசமானால் சாலையை மூடிவிடுவார்கள். முதல் தடவை என்றால் போய் வாருங்கள், பாறை விளிம்பில் நின்று வெறும் கடலைப் பார்க்கும் அந்த நிமிடம் பயணச் செலவுக்குத் தகும். ஐரோப்பாவின் வடகோடி என்று விளம்பரம் சொன்னாலும் பக்கத்தில் இருக்கும் க்னிவ்ஷெலொட்டன் முனை இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே நீண்டிருக்கிறது, அதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

எனக்கு ஊருக்குள் நடப்பதுதான் பிடிக்கும். துறைமுகத்தை ஒட்டிப் பாம்சே என்ற செயின்ட் பெர்னார்டு நாய்க்குச் சிலை இருக்கிறது, இரண்டாம் உலகப் போரில் தோரொட் என்ற, கடலில் கண்ணிவெடிகளை அகற்றும் கப்பலில் மாலுமிகளோடு இருந்து, 1944ல் ஸ்காட்லாந்தின் மொண்ட்ரோஸில் இறந்த நாய். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் 1885ல் கட்டிய வெள்ளை மரத் தேவாலயம். 1944 இலையுதிர்காலத்தில் பின்வாங்கிய ஜெர்மன் படை ஃபின்மார்க் என்ற இந்த வடகோடி மாவட்டம் முழுக்க எரித்துக்கொண்டே போனபோது இந்த ஊரில் தப்பித்த ஒரே கட்டடம் அதுதான். திரும்பி வந்த மக்கள் முதலில் தங்கியது அதற்குள்ளேதான். சுற்றியிருக்கும் வண்ண வண்ண வீடுகள் எல்லாம் போருக்குப் பிறகு எழுந்தவை என்று தெரிந்து பார்க்கும்போது மனம் கனக்கிறது.

நவம்பர் பிற்பாதியிலிருந்து ஜனவரி பிற்பாதி வரை அங்கே சூரியன் எழாது, நண்பகலை ஒட்டி நீல வெளிச்சம் மட்டும்தான். ஊர் பார்க்கவும் வேண்டும், ராத்திரி வடதுருவ ஒளியும் வேண்டும் என்றால் பிப்ரவரி கடைசி, மார்ச்.

படி 7: திரும்பி ஏறுவது

நீங்களாகச் சுற்றப் போனால் கப்பல் காத்திருக்காது, அடுத்த கப்பல் அடுத்த நாள்தான். அரை மணி முன்னாலேயே வந்துவிடுங்கள். கேமராவை உள்ளே கொண்டுபோகும் முன் வெளியிலேயே ஜிப் கவரில் போட்டு மூடிவிடுங்கள், இல்லையென்றால் சூட்டில் லென்ஸ் முழுக்க நீர் கோர்க்கும். கடலில் போகும்போது செல்போனை ஏர்பிளேன் மோடில் வைத்து வைஃபை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கில் தானாக ஒட்டிக்கொண்டால் பில் எகிறும். அன்று மாலையே பாரென்ட்ஸ் கடல், இரவுச் சாப்பாடு லேசாக.

பிற்சேர்க்கை 1: அம்மா சேலைதான் கட்டுவார், என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். சேலைக்குள் தெர்மல் கால்சட்டை போட்டால் சூடு பிரச்சினையில்லை, ஓரம்தான் பிரச்சினை. உருகிய பனிச்சேற்றில் கரை நனைந்து காலில் ஒட்டும், ஆணியில் மாட்டினால் விழுந்துவிடுவார். கப்பலுக்குள் சேலை, இறங்கும்போது மட்டும் சுடிதார் என்று பேசிப் பாருங்கள்.

பிற்சேர்க்கை 2: மங்கி கேப் போதுமா என்று இன்னொரு கேள்வி. தாராளமாக, காது கழுத்து எல்லாம் மூடும் நல்ல பொருள். காற்று மட்டும் அதற்குள் புகுந்துவிடும், அதனால் மேலே ஜாக்கெட்டின் தலைமூடியை இழுத்துக் கட்டுங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் மூக்கை மூடாமல் வாய்க்குக் கீழே இறக்கிவிட்டால் ஆவி படியாது.

பிற்சேர்க்கை 3: வடக்கே ஆர்க்டிக் கடலில் இருக்கும் ஸ்வால்பார்டு தீவுகள் வரை போகும் வேறு கப்பலுக்கும் இதே விசா போதுமா என்று கேட்பவர்களுக்கு: ஸ்வால்பார்டு நார்வேக்குச் சொந்தம் என்றாலும் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதிக்குள் இல்லை. அங்கே போனால் ஷெங்கனை விட்டு வெளியேறிய கணக்கு, திரும்ப நுழைய இரண்டாவது அனுமதி வேண்டும். விண்ணப்பிக்கும்போதே இரண்டு அல்லது பலமுறை நுழைவு கேட்டு வாங்குங்கள். பெர்கன்–கிர்கெனெஸ் வழிக்கு ஒருமுறை நுழைவே போதும்.