புது வெட்ஜைப் பற்றி ஓசூர் தாண்டுவதற்குள் சொல்லிவிடாதீர்கள்

சேலத்தில் கோல்ஃப் ஆடுகிற எங்கள் சின்னக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. புது வெட்ஜ் (பந்தைக் குறைந்த தூரத்துக்கு உயரத் தூக்கி அடிக்கிற, முகம் சாய்ந்த மட்டை) வரிசை வெளிவந்துவிட்டது என்று தெரிந்ததும் யாராவது ஒருவர் பெங்களூரு போவார். கடையில் செயற்கைப் புல் மேட் மேல் நின்று பத்துப் பந்து அடிப்பார். திரும்பி வருகிற வழியில், ஓசூர் தாண்டுவதற்குள், "அருமைங்க, கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்று குரல் பதிவு வந்துவிடும். அதை நம்பி இன்னும் இரண்டு பேர் வாங்குவார்கள். அப்படி வாங்கியவர்களில் நானும் ஒருவன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு அந்த மேட்தான். வெட்ஜின் உயிர் அதன் முகத்தில் பாதி, அடிப்பாகத்தில் பாதி. மட்டையைத் தரையில் நேராக வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். அடிப்பாகத்தின் வயிறு தரையைத் தொடும். முன்விளிம்பு சற்றுத் தூக்கி நிற்கும். அந்தச் சரிவின் கோணத்தைத்தான் பௌன்ஸ் என்கிறோம். 4 முதல் 6 டிகிரி என்றால் குறைவு, 10-க்கு மேல் போனால் அதிகம். மண்ணுக்குள் மட்டை புதைந்துவிடாமல் வழுக்கிக்கொண்டு போகச் செய்வது அதுதான். மேட் மேல் பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் அடித்தாலும் மட்டை வழுக்கிப் போய்ப் பந்தைத் தொட்டுவிடும். அதே அடியைப் புல்லில் அடித்தால் மண்தான் பறக்கும், பந்து காலடியிலேயே கிடக்கும். ஆக, அடிப்பாகம் நல்லதா கெட்டதா என்பதை மேட் சொல்லவே சொல்லாது.

நான் வாங்கியது லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வுக் கோணம், 56 டிகிரி, பௌன்ஸ் 14. சித்திரை வெயிலில் சேலத்துச் செம்மண் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காய்ந்த புல், அதன் கீழே ஓடு மாதிரி இறுகிய தரை. அதில் இந்த மட்டை இறங்கவே இல்லை. தரையில் பட்டதும் எம்பியது, முன்விளிம்பு பந்தின் நடுவில் அடித்தது, இருபது யார்டு போக வேண்டிய சிப், அதாவது சின்ன அடி, அறுபது யார்டு தாண்டி வேலிக்குள் போய் விழுந்தது. ஒரு தடவை இல்லை, அன்று காலை முழுக்க இதே கதைதான். மட்டையே மட்டம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஐப்பசியில் ஏற்காட்டில் நண்பர் ஒருவரின் காப்பித் தோட்டத்துக்குப் போனபோது அதே மட்டை காரில் கிடந்தது. பங்களா முன்னால் புல்வெளி, முந்தின ராத்திரி மழை, காலை வைத்தால் அழுந்துகிற கரிய மண். அங்கே அது வேறு மட்டையாகிவிட்டது. பந்துக்குக் கொஞ்சம் பின்னால் அடித்தாலும் புதையாமல் நழுவிப்போய், பந்தைத் தூக்கி மெத்தென்று இறக்கியது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியதில் மட்டை மாறவில்லை, தரைதான் மாறியிருந்தது. அன்றைக்குத்தான் எனக்குப் பௌன்ஸ் என்றால் என்ன என்று உண்மையில் புரிந்தது.

அதனால் புது வெட்ஜைப் பற்றி யார் என்ன சொன்னாலும் முதலில் கேட்க வேண்டியது, "எந்தத் தரையில அடிச்சீங்க?" என்பதுதான். அடுத்தது, அவர் எப்படி அடிப்பவர் என்பது. செங்குத்தாக இறக்கி, வெற்றிலை அளவுக்குப் புல்லோடு மண்ணைப் பெயர்ப்பவருக்கு அதிக பௌன்ஸ் துணை நிற்கும். புல்லை மட்டும் சீவிக்கொண்டு போகிறவருக்கு அதே பௌன்ஸ் தொல்லை. 2024-இல் வந்த வோக்கி எஸ்எம்10 என்ற வெட்ஜ் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப், எஸ், எம், டி (D), கே, டி (T) என்று அடிப்பாகத்தைச் செதுக்கிய விதத்திலேயே ஆறு வகை (கடைசி இரண்டில் கே அகலமானது, T மெலிந்தது). கிரைண்ட் என்று சொல்வது இதைத்தான். "எஸ்எம்10 எப்படி இருக்கு?" என்ற கேள்விக்கு ஒரே பதில் இருக்கவே முடியாது. எந்த லாஃப்ட், எந்த கிரைண்ட், எவ்வளவு பௌன்ஸ் என்று சேர்த்துச் சொல்லாத பாராட்டையும் திட்டையும் தள்ளி வைத்துவிடுங்கள்.

பங்கர் எனப்படும் மணல் குழிக்கும் இதே கணக்குதான். அமெரிக்க வீரர் ஜீன் சாரசென் தன் மட்டையின் அடியில் உலோகத்தைப் பற்றவைத்துத் தடிமனாக்கி, 1932-இல் பிரிட்டிஷ் ஓபனை வென்றார். அந்தத் தடித்த அடி வேலை செய்வது ஆழமான, பொலபொலவென்ற மணலில். மழையில் நனைந்து கெட்டித்துப்போன மணலிலோ அது செம்மண்ணில் எம்பிய மாதிரியே எம்பும்.

இன்னொரு அவசரம், பந்தின் சுழற்சியைப் பற்றியது. "புதுசு என்னமா கடிக்குது!" என்பார்கள், பந்து நன்றாகச் சுழன்று சீக்கிரம் நிற்கிறது என்ற பொருளில். எதோடு ஒப்பிட்டு? ஐந்து வருஷம் மண்ணிலும் கல்லிலும் தேய்ந்த பழைய மட்டையோடு. மட்டை முகத்தில் இருக்கும், க்ரூவ் எனப்படும் கோட்டுப் பள்ளங்களின் விளிம்பு தேயத் தேயச் சுழற்சி குறையும். போன தலைமுறை மாடலையே புத்தம் புதிதாக வாங்கினாலும் அதுவும் கடிக்கத்தான் செய்யும். பணம் கொடுக்குமுன் இதை யோசிப்பது நல்லது, ஏனென்றால் புது வரிசை வந்ததும் பழைய வரிசையின் விலை இறங்கும்.

பந்தும் சேர்ந்து ஏமாற்றும். ரேஞ்சில், அதாவது பயிற்சி மைதானத்தில், கிடக்கிற கெட்டியான பந்தில் சோதித்துவிட்டு மட்டையைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆட்டத்தில் நீங்கள் அடிக்கிற பந்தையே கொண்டு போங்கள். ஏற்காட்டுக் காலைப் பனியில் அடிப்பதானால் ஒவ்வொரு அடிக்கும் முன் மட்டையின் முகத்தைத் துடைத்துவிடுங்கள். முகத்துக்கும் பந்துக்கும் நடுவே ஈரம் இருந்தால் பந்து மேலே கிளம்பும், சுழற்சி விழுந்துவிடும், இறங்கிய பிறகு நிற்காமல் ஓடும். அதற்கு க்ரூவ் பொறுப்பில்லை.

லாஃப்ட் இடைவெளியைப் பார்க்காமல் வாங்குகிறவர்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறார்கள். இப்போதைய அயர்ன் (இரும்பு மட்டை) செட்டுகளோடு வரும் பிட்சிங் வெட்ஜே 44 டிகிரிக்கு வந்துவிட்டது, சிலவற்றில் அதற்கும் கீழே. அதற்கு அடுத்து நேராக 56 வாங்கினால் நடுவில் 12 டிகிரி ஓட்டை. நூறு யார்டு சுற்றி வருகிற அடிகளுக்கெல்லாம் கையில் மட்டை இருக்காது. பாதி வீச்சு, முக்கால் வீச்சு என்று சமாளிக்க வேண்டியதுதான். 4 முதல் 6 டிகிரி இடைவெளியில் 50, 56 என்றோ, 49, 54, 59 என்றோ அடுக்குங்கள். பையில் 14 மட்டைக்குத்தான் விதி இடம் தருகிறது. கூடுதல் வெட்ஜுக்காக எடுக்காத ஒரு நீள மட்டையை இறக்கிவிடலாம்.

ஓசை, நிறம், பளபளப்பு இவை பழகிவிடும். பூச்சில்லாத மட்டை துருப்பிடித்தால் அதிகம் சுழற்றும் என்பதையும் நம்ப வேண்டாம். துரு கண் கூச்சத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

கடையில் சோதனை மட்டை தருவார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதே கிரைண்ட் வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு வாரம் கடன் வாங்குங்கள். அடிப்பாகத்தில் மார்க்கர் பேனாவால் குறுக்கே இரண்டு கோடு போட்டு, வழக்கமாக ஆடுகிற தரையில் பத்துப் பந்து அடித்துப் பாருங்கள். முன்விளிம்புப் பக்கக் கோடு அழிந்திருந்தால் மட்டை மண்ணைத் தோண்டுகிறது, பௌன்ஸை அதிகமாக்க வேண்டும். பின்பக்கக் கோடு மட்டும் அழிந்து பந்துகள் தலை தட்டிப் பறந்திருந்தால் குறைக்க வேண்டும். நடுவில் சீராகத் தேய்ந்திருந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு பெங்களூருக்குக் கிளம்பலாம்.