பெரிய டியூப் டிவி வாங்கியவர்கள் கை வைக்கக் கூடாத இடங்கள்

மதுரையில் 29 இன்ச் டியூப் டிவியைத் தேடி வாங்கும் இளைஞர்கள் இப்போது மறுபடி கண்ணில் படுகிறார்கள். பழைய வீடியோ கேம் ஆட ஒருவர், அப்பா அம்மா கல்யாண கேசட்டைப் பார்க்க இன்னொருவர். நல்ல காரியம்தான். அந்தக் கேசட்டில் இருப்பது 625 வரிப் படம். அதை அப்படியே 625 வரியாகக் காட்டத்தான் இந்தப் பெட்டியைச் செய்தார்கள். புது எல்இடி டிவியில் அதே படம் குழைந்துபோகும். திரையைப் பார்த்துச் சுடும் பழைய துப்பாக்கி விளையாட்டு, டியூப் இல்லாமல் வேலையே செய்யாது.

ஆனால் இவர்கள் செய்யும் தவறுகளைப் பார்த்தால், டிவி ரிப்பேர் தொழில் பழகிய வயதில் நாங்கள் எல்லோரும் செய்தவையாகவே இருக்கின்றன. டிவி மேல் தண்ணீர்ச் சொம்பு வைக்காதே, இடி இடிக்கும்போது பிளக்கை எடு என்பதெல்லாம் தெரிந்த விஷயம். அதை விட்டுவிடுகிறேன்.

தனியாகத் தூக்குவது

29 இன்ச் பெட்டி சுமார் 40 கிலோ இருக்கும். அந்தப் பாரத்தில் பெரும்பகுதி முன்பக்கக் கண்ணாடியில். ஆகவே இரண்டு பேர் வேண்டும், திரை நெஞ்சைப் பார்த்து இருக்க வேண்டும்.

நிறம் திட்டானதும் பின்மூடியைக் கழற்றுவது

இதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. நல்ல டியூப்கள் இதனாலேயே வீணாகின்றன.

திருமங்கலம் பக்கம் ஒரு தம்பி, சுத்தமான 29 இன்ச் ஃபிளாட் டியூப் ஒன்றை வாங்கினார். ஒரே வீட்டில் ஓடிய பெட்டி, டியூப் புதுசு போல இருந்தது. ஒரு வாரம் கழித்து போன். “அண்ணே, டியூப் போச்சுண்ணே. மூலையில ஒரே ஊதாவா இருக்கு. நானே திறந்து சரிபண்ணப் பார்த்தேன், இப்ப படம் பூரா ரெண்டு ரெண்டா தெரியுது.”

போய்ப் பார்த்தேன். டிவியை ஒட்டி ஹோம் தியேட்டரின் பெரிய ஊஃபர் பெட்டி நின்றது. அதற்குள் இருக்கும் காந்தம்தான் ஊதாத் திட்டுக்குக் காரணம்.

திரைக்குச் சற்றுப் பின்னால் மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கிறது. அது முழுக்கத் துளைகள். பின்னாலிருந்து வரும் மூன்று எலக்ட்ரான் கதிர்களும் அந்தத் துளைகளுக்குள் நுழைந்து, சிவப்பு, பச்சை, நீலம் என்று தத்தம் நிறத்தில் விழ வேண்டும். பக்கத்தில் காந்தம் வந்தால் கதிர் விலகிப் பக்கத்து நிறத்தில் விழும். நாளாக ஆகத் தகட்டிலேயே காந்தம் ஏறிவிடும். டியூபுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது.

ஊஃபரை நாலடி தள்ளி வைத்துவிட்டு, டிவியைச் சுவரில் இருக்கும் சுவிட்சில் அணைத்து, அரைமணி நேரம் கழித்துப் போட்டால் போதும். போட்டவுடன் ‘தும்’ என்று ஒரு சத்தம் கேட்கும். டியூபைச் சுற்றியிருக்கும் காயில் அந்தக் காந்தத்தைக் கலைக்கும் சத்தம் அது. பல செட்டுகளில் ரிமோட்டில் அணைத்தால் இது நடக்காது. காயிலுக்குக் கரன்ட் விடும் சிறு பாகம் சூடாறினால்தான் மறுபடி வேலை செய்யும், அதற்குத்தான் அரைமணி நேரம். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் பெரும்பாலும் திட்டு போய்விடும்.

அந்தத் தம்பி செய்தது வேறு. டியூபின் கழுத்தில் மூன்று ஜோடி காந்த வளையங்கள் உண்டு. ஒரு ஜோடி நிறச் சுத்தத்துக்கு, மற்ற இரண்டும் மூன்று கதிர்களையும் ஒரே புள்ளியில் சேர்ப்பதற்கு. கம்பெனியில் அவற்றைச் சரிபார்த்து, நகராமலிருக்க மேலே பெயின்ட் வைத்து அனுப்புவார்கள். அவர் பெயின்டைச் சுரண்டிவிட்டு ஆறு வளையங்களையும் திருகியிருந்தார். கதிர்களைத் திரை முழுக்க ஓட்டும் காயிலான யோக்கைத் தளர்த்தி, அடியில் முட்டுக் கொடுத்திருந்த ரப்பர் ஆப்புகளையும் பிடுங்கியிருந்தார். அந்த ஆப்புகள் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் இருந்தன என்பது அந்த ஒரு டியூபுக்கு மட்டுமே உரிய கணக்கு. அதே மாடல் இன்னொரு பெட்டியைப் பார்த்துக்கூடத் திரும்ப வைக்க முடியாது.

கட்டம் போட்ட படத்தை ஓடவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்தேன். நடுவில் கோடுகள் சேர்ந்தன. இடது கீழ் மூலையில் சிவப்புக் கோடு இன்றும் விலகித்தான் நிற்கிறது. கம்பெனியிலிருந்து வந்த நாள் முதல் யாரும் தொடாத டியூப் அது.

இன்னொன்றும் உண்டு. 1963-இல் இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவத் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பூமியின் காந்த நடுக்கோடு அந்த வழியே போவதுதான். அங்கிருந்து மதுரை அதிக தூரமில்லை, ஆகவே பூமியின் காந்தம் இங்கும் கிட்டத்தட்டப் படுக்கை மட்டமாகவே ஓடுகிறது. கிழக்கு பார்த்திருந்த பெரிய டிவியை வடக்கே திருப்பினால் படம் லேசாகச் சாயலாம், மூலையில் நிறம் மாறலாம். அதற்கும் முதலில் அதே அரைமணி வைத்தியம்தான். சாய்வு போகாவிட்டால் மெனுவில் படத்தைச் சுழற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

காந்தத்தைக் கலைக்கத் தனியாகக் கையில் பிடிக்கும் காயில் கிடைத்தால், திரை முன்னால் வட்டமாகச் சுற்றிக்கொண்டே மெதுவாக ஆறேழு அடி பின்னால் வந்து, அப்புறம்தான் அணைக்க வேண்டும். திரைக்குப் பக்கத்திலேயே அணைத்தால் இருந்ததைவிட அதிகமாகக் காந்தம் ஏறும்.

ஸ்க்ரீன் குமிழைத் திருகி வெளிச்சம் கூட்டுவது

டியூபுக்கு உயர் வோல்ட் கொடுக்கும் ஈஎச்டி டிரான்ஸ்ஃபார்மரில் ஃபோகஸ், ஸ்க்ரீன் என்று இரண்டு குமிழ்கள் இருக்கும். டியூப் களைத்திருந்தால் ஸ்க்ரீனைக் கூட்டிப் பயனில்லை. குறுக்கே வெள்ளைச் சாய்கோடுகள்தான் வரும், கறுப்பு சாம்பலாகும்.

பிளக்கை எடுத்துவிட்டோம் என்ற தைரியம்

பெரிய கலர் டியூபில் 25,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும். பிளக்கை எடுத்த பிறகும் அது டியூபிலேயே தேங்கி நிற்கலாம். உயர் வோல்ட் வயர் டியூபில் சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் மூடிக்கு அடியில் விரல் போகவே கூடாது. சார்ஜ் இறக்கப் பழகியவரைக் கூப்பிடுங்கள்.

செட்டாப் பாக்ஸை 16:9-இல் விடுவது

இந்தத் திரையின் அகல உயர விகிதம் 4:3, பாக்ஸையும் அதற்கே மாற்றுங்கள்.

செத்த டியூபை உடைத்துச் செம்பு எடுப்பது

செம்பு இருப்பது யோக்கிலும் காயிலிலும்தான், டியூபை உடைத்தால் எதுவும் கிடைக்காது. பின்பக்கக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. உள்ளே வெற்றிடம் என்பதால் உடைந்தால் சில்லு முகத்துக்கே வரும். டியூபை முழுதாகவே மின்கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன்னால் பழகியவரை வைத்துப் போர்டைக் கழற்றி, ரிமோட்டோடு எடுத்து வையுங்கள். அதே மாடல் வைத்திருக்கும் இன்னொருவருக்கு அவை கட்டாயம் தேவைப்படும்.