வீட்டுக் கீபோர்டில் எலக்ட்ரானிக் இசைக்கு கவர் செய்வது எப்படி? (இரட்டைச் சத்தப் பிரச்சினையும் சேர்த்து)

ஒரு கட்டையை அழுத்தினால் சத்தம் குழாய்க்குள்ளிருந்து வருவது போல உள்வாங்கிக் கேட்டது. திரும்ப அதே கட்டையை அழுத்தினால் வேறு மாதிரி கேட்டது. மூன்று வாரம் கீபோர்டு கெட்டுப்போய்விட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், தப்பு நான் போட்டு வைத்திருந்த ஒரு செட்டிங்கில். அதை மட்டும் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன், எழுத எழுத, கவர் செய்யும் (அதாவது வேறொருவர் பாட்டை நாமே வாசித்துப் பதிவு செய்யும்) முழுச் செய்முறையாகவே நீண்டுவிட்டது. அவசரத்தில் இருப்பவர்கள் நேராகப் படி 3-க்குப் போய்விடலாம்.

உங்களிடம் 61 கட்டைகள் உள்ள சாதாரண கீபோர்டு, அதன் பின்னால் ஒரு யுஎஸ்பி துளை, ஒரு கணினி, ஒரு ஹெட்போன் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு மெலடியைக் கேட்டுத் தட்டுத்தடுமாறியாவது கண்டுபிடிக்க வரும் என்றும் எடுத்துக்கொள்கிறேன். விரல் வேகம் தேவையே இல்லை.

படி 1: வாசிக்காதீர்கள், பிரித்துப் போடுங்கள்

முதல் கவர் செய்கிறவர்கள் பெரும்பாலும் வலது கையில் மெலடி, இடது கையில் பேஸ் (கனத்த கீழ்ச் சுரங்கள்) என்று ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான். கிடைப்பது பியானோ கவர். நன்றாகவே இருக்கலாம், ஆனால் மூலப் பாட்டின் வாசனை அதில் இருக்காது. ஏனென்றால் இந்த வகை இசை பெரும்பாலும் ஒரே மூச்சில் இரண்டு கையால் வாசிக்கப்பட்டது கிடையாது. வெண்டி கார்லோஸ் என்ற இசைக் கலைஞர், மூக் என்ற சிந்தசைசரில் (மின்னணு முறையில் சத்தம் உண்டாக்கும் கருவி) பாக் என்ற பழைய இசையமைப்பாளரின் இசையைப் பதிவு செய்த இசைத்தட்டு 1968-இல் வந்தது. அந்தக் கருவியில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். அதனால் ஒவ்வொரு வரிசையையும் தனியாக வாசித்து டேப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். நாமும் அதையேதான் செய்யப்போகிறோம், டேப்புக்குப் பதில் கணினி.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டை ஆறு தடவை கேளுங்கள். ஒரு தடவை கிக் டிரம்மை மட்டும், அடுத்த தடவை ஹை-ஹேட்டை மட்டும், அப்புறம் பேஸ், பின்னால் நீளமாக நிற்கும் பேட், துள்ளிக்கொண்டே இருக்கும் ஆர்ப்பெஜியோ (சுரக் கூட்டத்தை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிப்பது), மேலே வரும் லீட் (முக்கிய மெலடி). ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள் (பார் என்பது இங்கே நான்கு அடி கொண்ட ஒரு தாளச் சுற்று): "1 முதல் 8 பார் வரை டிரம்ஸ் மட்டும், 9-இல் பேஸ் உள்ளே, 25-இல் கிக் நிற்கிறது." இந்தத் தாள்தான் கடைசி வரை கூட வரும்.

அப்புறம் டெம்போ, அதாவது பாட்டின் வேகம். நான்கு பாரில் 16 அடி. அந்த 16 அடிக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் பார்த்து, 960-ஐ அதால் வகுத்தால் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி) கிடைக்கும். 7.5 விநாடி என்றால் 128. கணினியில் செய்த பாட்டு என்றால், 127.6 வந்தாலும் 128 என்றே வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும். எழுபதுகளின் டேப் பதிவுகளில் அந்த நம்பிக்கை வேண்டாம், டெம்போ நகரும். சுருதியும் வழக்கமான 440 ஹெர்ட்ஸை விட்டுக் கொஞ்சம் விலகியிருக்கலாம். எந்தக் கட்டையை அழுத்தினாலும் பாட்டோடு ஒட்டவில்லை என்றால் உங்கள் காதைச் சந்தேகிக்கும் முன் கீபோர்டின் டியூனிங் அமைப்பை ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. ஒரு லீட் வரிசையை வாசிக்க நான் இரண்டு நாள் விரலை ஒடித்துக்கொண்டேன். அவ்வளவு வேகம். பிறகுதான் புரிந்தது, அதில் பாதிச் சுரங்களை யாரும் வாசிக்கவே இல்லை, அவை டிலே (சத்தத்தைச் சற்றுத் தாமதமாகத் திரும்ப ஒலிக்க வைக்கும் எஃபெக்ட்) போடும் எதிரொலி. 120 பிபிஎம்மில் ஓர் அடி 500 மில்லி விநாடி. டிலேயை 375-இல், அதாவது முக்கால் அடியில் வைத்து, அரை அடிக்கு ஒரு சுரம் என்று நிதானமாக வாசித்தாலே போதும், எதிரொலிகள் இடைவெளிகளில் போய் உட்கார்ந்து, கால் அடிக்கு ஒரு சுரம் ஓடுவது போலக் கேட்கும். கண்டுபிடிக்க வழி: வரிசை முடியும் இடத்தைக் கேளுங்கள். கடைசிச் சுரங்கள் திரும்பத் திரும்ப வந்து மெல்ல மங்கினால் அது டிலே.

படி 2: கேபிளும் மென்பொருளும்

கீபோர்டின் யுஎஸ்பி துளை பெரும்பாலும் சதுரமாக இருக்கும். பிரிண்டருக்குப் போடும் கேபிளே போதும். அந்தக் கேபிளில் போவது மிடி. சத்தம் அதில் போகாது. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் (0 முதல் 127 வரை ஓர் எண்), எப்போது விட்டீர்கள், அவ்வளவுதான் போகும். 1983-இல் வந்த ஏற்பாடு, இன்றும் அதுவேதான். சில புதிய மாடல்களில் அதே கேபிளில் ஆடியோவும் வரும், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யும் மென்பொருளில் என் ஓட்டு ரீப்பருக்கு. 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்க விடுகிறார்கள், பழைய கணினியிலும் ஓடுகிறது. மேக் வைத்திருப்பவர்களுக்குக் கராஜ்பேண்டே தாராளம். ஆடாசிட்டி நல்ல மென்பொருள்தான், ஆனால் இந்த வேலைக்கு வேண்டாம். அதில் மிடி ரெக்கார்டிங் கிடையாது.

விண்டோஸில் கட்டையை அழுத்திக் கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் வந்தால், ஆடியோ கார்டுக்கு உரிய ஏசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) போடுங்கள். அப்படி ஒன்று இல்லாவிட்டால் ஏசியோ ஃபார் ஆல் என்ற பொது டிரைவர். பஃபரை (கணினி ஒரே தடவையில் சேர்த்து அனுப்பும் சாம்பிள்களின், அதாவது சத்தத் துணுக்குகளின் எண்ணிக்கை) 256-இல் வையுங்கள். விநாடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் அது சுமார் 5.8 மில்லி விநாடி. 1024 என்றால் 23-ஐத் தொடும், அதில் தாளத்தோடு வாசிப்பது கஷ்டம். வாசித்து முடித்து மிக்ஸ் செய்யும்போது 1024-க்கே ஏற்றிவிடலாம்.

படி 3: என்னை மூன்று வாரம் அழவைத்த இடம்

கீபோர்டின் உள்ளே இரண்டு பாகங்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கட்டைகள், மற்றொன்று சத்தம் உண்டாக்கும் சிப். சாதாரணமாகக் கட்டையை அழுத்தினால் செய்தி நேராகச் சிப்புக்குப் போகும். யுஎஸ்பி போட்டவுடன் அதே செய்தி கணினிக்கும் போகிறது. ரீப்பர் அதை வாங்கி, டிராக்கின் (ஒரு வரிசை பதிவாகும் தடத்தின்) மிடி வெளியீடு கீபோர்டுக்கே என்று வைத்திருந்தால், திருப்பி அனுப்பிவிடும். சிப்புக்கு அதே சுரம் இரண்டாவது தடவை வருகிறது, சில மில்லி விநாடி தாமதமாக.

ஒரே சத்தம் அவ்வளவு நெருக்கத்தில் இரண்டு முறை ஒலித்தால் காதுக்கு இரண்டாகத் தெரியாது. சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். நான் கேட்ட குழாய்ச் சத்தம் அதுதான். தாமதம் ஒவ்வொரு முறையும் சற்றே மாறும், அதனால்தான் ஒரே கட்டை ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி கேட்டது. அத்தோடு, ஒரே நேரத்தில் 32 சுரங்கள் ஒலிக்கும் கீபோர்டு இப்போது 16-க்கே மூச்சு வாங்கும். பேட் கார்டு (ஒரே நேரத்தில் அழுத்தும் பல சுரங்கள்) பிடித்திருக்கும்போது பாதியில் ஒரு சுரம் அறுந்து போனால் சந்தேகமே வேண்டாம், இதுதான்.

தீர்வு: கீபோர்டின் ஃபங்ஷன் மெனுவில் 'லோக்கல் கண்ட்ரோல்' அல்லது வெறும் 'லோக்கல்' என்று இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள். கட்டைக்கும் சிப்புக்கும் உள்ள நேர் வழி அடைபட்டு, கணினி வழி மட்டும் திறந்திருக்கும். மெனுவில் கிடைக்கவில்லையா? ரீப்பரில் அந்த டிராக்கின் ரெக்கார்ட் மானிட்டரிங்கை (வாசிப்பதை உடனுக்குடன் வெளியே அனுப்பும் வசதி) ஆஃப் செய்யுங்கள், அப்போது திரும்பி வரும் வழி அடைபடும். இரண்டையும் சேர்த்து ஆஃப் செய்தால் சத்தமே வராது. ஒன்றே ஒன்று போதும்.

சோதித்துப் பார்க்க: மென்பொருளை மூடிவிட்டுக் கட்டையை அழுத்துங்கள். சத்தம் வரவில்லை என்றால் லோக்கல் ஆஃப் ஆகிவிட்டது. மென்பொருளைத் திறந்து டிராக்கை ரெக்கார்டுக்குத் தயார் செய்து அழுத்தினால் சத்தம் தெளிவாக ஒரு முறை வரும்.

இதைச் சரிசெய்த மறுநாள் காலை கணினியைத் திறக்காமல் சும்மா வாசிக்க உட்கார்ந்தேன். கீபோர்டு பேசவில்லை. அடாப்டரை மாற்றினேன், ஹெட்போனை மாற்றினேன், ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தேன். லோக்கல் ஆஃப் என்பது நினைவுக்கு வர அரை மணி நேரம் ஆனது. பல மாடல்கள் அணைத்துப் போட்டால் பழையபடி ஆன் ஆகிவிடும். என்னுடையது நினைவு வைத்துக்கொள்ளும் ரகம்.

கீபோர்டின் சொந்தச் சத்தம் வேண்டாம், கணினியில் உள்ள பிளகின் (மென்பொருளுக்குள் ஓடும் இசைக்கருவி) சத்தம் மட்டும் போதும் என்றால் இந்தத் தலைவலியே இல்லை. கீபோர்டின் வால்யூமை பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டால் முடிந்தது.

படி 4: ரெக்கார்டிங்

டிரம்ஸ் முதலில். ஜெனரல் மிடி (எந்தச் சத்தத்துக்கு எந்த எண் என்ற பொதுப் பட்டியல்) உள்ள கீபோர்டுகளில் டிரம்ஸுக்கு 10-ஆம் சேனல். கிக் 36, ஸ்னேர் 38, மூடிய ஹை-ஹேட் 42, திறந்தது 46. சுரப் பெயரை நம்பாமல் எண்ணை நம்புங்கள். 60-ஆம் சுரத்தைச் சிலர் சி3 என்பார்கள், சிலர் சி4 என்பார்கள், ஒரு ஸ்தாயி தள்ளிப் போய் கிக்குக்குப் பதில் வேறு ஏதோ ஒலிக்கும். டிரம்ஸை விரலால் வாசித்து நிரூபிக்க ஒன்றுமில்லை. மவுஸால் கட்டங்களில் புள்ளி வைத்துவிடுங்கள்.

அடுத்து பேஸ். டெம்போவைப் பாதியாக்குங்கள். 128-இல் இருக்கும் பாட்டை 64-இல் நிதானமாக வாசித்து ரெக்கார்ட் செய்துவிட்டுத் திரும்ப 128-க்கு ஏற்றினால் சுருதி மாறாது, ஏனென்றால் பதிவானது மிடி. இதைக் குறுக்கு வழி என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

குவாண்டைஸ் (சுரங்களைத் தாளக் கட்டத்தில் நேராக நிறுத்தும் வசதி) போடும்போது பதினாறில் ஒன்று என்று வைத்து, கிக்குக்கும் பேஸுக்கும் முழுதாகப் போடுங்கள். லீடுக்கு நான் போடுவதில்லை. ஆனால் குவாண்டைஸ் சாதாரணமாகச் சுரம் தொடங்கும் இடத்தை மட்டும்தான் சீர்படுத்தும், நீளத்தைத் தொடாது. எலக்ட்ரானிக் பேஸின் துள்ளல் முழுக்க அந்த நீளத்தில்தான் இருக்கிறது. எல்லாச் சுரங்களையும் தேர்ந்தெடுத்துப் பாதி நீளத்துக்கு வெட்டிக் கேளுங்கள், ஒரே நொடியில் பாட்டு எழுந்து உட்காரும். மாறாக, ஒரு சுரம் அடுத்ததின் மேல் கொஞ்சம் ஏறியிருந்தால், மோனோ லெகாட்டோவில் (ஒரு நேரத்தில் ஒரே சுரம், இடைவெளியின்றி அடுத்தது) கிளைடு போட்டிருக்கும் சிந்தசைசர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிப் போகும். ரோலண்ட் 1981-இல் வெளியிட்ட டிபி-303 பெட்டியின் சறுக்கும் பேஸைப் பிடிக்க நினைப்பவர்கள் வேண்டுமென்றே அப்படி ஏற்றி வையுங்கள்.

படி 5: சத்தம் தேடுதல்

கீபோர்டின் சொந்தச் சத்தம் என்றால் ஜெனரல் மிடி பட்டியலில் 39 (சிந்த் பேஸ்), 82 (சா லீட், அதாவது ரம்பப் பல் வடிவ அலை), 90 (வார்ம் பேட்) மூன்றையும் முதலில் பாருங்கள். மென்பொருளில் 82 என்று போட்டும் வேறு சத்தம் வந்தால் அது பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது என்று அர்த்தம், 81 போடுங்கள். கீபோர்டின் ரிவர்பையும் (அறை முழக்கம்) கோரஸையும் (சத்தத்தைத் தடிப்பாக்குவது) அணைத்துவிடுங்கள். விற்பனைக்கு அழகாகக் கேட்கட்டும் என்று அவற்றை வாரி இறைத்திருப்பார்கள். நான்கு டிராக் சேர்ந்தால் எல்லாம் பனிமூட்டம்.

பிளகின் என்றால் சர்ஜ் எக்ஸ்டி. இலவசம், எல்லாம் இருக்கிறது. எண்பதுகளின் கண்ணாடி மணி போன்ற சத்தங்களுக்கு, யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசரைப் போலச் செய்யும் டெக்ஸெட். முதல் கவருக்கு இந்த இரண்டைத் தாண்டாதீர்கள். பிரீசெட் (தயாராக வரும் சத்தங்கள்) மேய ஆரம்பித்தால் ராத்திரி போய்விடும், பாட்டு அங்கேயே நிற்கும்.

சத்தம் அச்சு அசலாக வரவேண்டும் என்று மெனக்கெட வேண்டாம். எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, இந்த இரண்டும் ஒத்துப்போனால் கேட்பவர் காது மீதியை நிரப்பிக்கொள்ளும். இரண்டு சா அலைகள், ஒன்றைப் பத்து சென்ட் (அரைச் சுரத்தில் பத்தில் ஒரு பங்கு) விலக்கி, லோ-பாஸ் ஃபில்டரை (உயர் அதிர்வெண்களைக் குறைப்பது) பாதி மூடி, பாட்டு ஓடும்போது அந்தக் குமிழைக் கையால் மெதுவாகத் திறந்துகொண்டே போங்கள். மூலப் பாட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டும் ஆசை வரும். செய்யாதீர்கள். அது கவர் ஆகாது, அந்த ஒலிப்பதிவின் உரிமை தனி விவகாரம்.

படி 6: ஆடியோவாக மாற்றுதல்

பிளகின் டிராக்குகளை அப்படியே ரெண்டர் செய்துவிடலாம். கீபோர்டின் சொந்தச் சத்தங்களை மட்டும் ஒவ்வொரு டிராக்காகத் தனியே ஓடவிட்டு, ஹெட்போன் துளையிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸின் (வெளிச் சத்தத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் பெட்டி) லைன் துளைகளுக்கு அனுப்பிப் பதிவு செய்யுங்கள். ஒரு பக்கம் ஸ்டீரியோ பிளக், மறுபக்கம் இரண்டு மோனோ பிளக் உள்ள கேபிள் வேண்டும். மடிக்கணினியின் மைக் துளையில் செருகாதீர்கள், அது பெரும்பாலும் மோனோ, சத்தமும் உடைந்து போகும். அளவு உச்சத்தில் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் நடுவில் இருக்கட்டும்.

இப்படிப் பதிவானவை சில மில்லி விநாடி பின்தங்கியிருக்கும். ஒவ்வொரு டிராக்கின் தொடக்கத்திலும், பாட்டுக்கு ஒரு பார் முன்னால், ஒரே ஒரு குட்டையான சுரம் வைத்துவிடுங்கள். பதிவான பின் அந்த முனைகளை நேர்ப்படுத்திவிட்டு அதை வெட்டி எறியலாம்.

பின்சேர்க்கை: டிரம்ஸ் எல்லாம் பியானோவாகக் கேட்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். டிராக் 10-ஆம் சேனலில் இல்லை, சேனல் 1-இல் போய்க்கொண்டிருக்கிறது. டிராக்கின் மிடி வெளியீட்டில் சேனலை மாற்றுங்கள்.

இன்னொன்று: எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் ஒரே அளவில் பதிவாகிறது என்றார் ஒருவர். அவருடைய கீபோர்டில் டச் ரெஸ்பான்ஸ் (அழுத்தும் வேகத்தை உணரும் வசதி) இல்லை, எல்லாச் சுரத்துக்கும் ஒரே எண்தான் அனுப்பும். பேஸுக்கும் ஆர்ப்பெஜியோவுக்கும் அது நல்லதே. லீடில் மட்டும் முக்கியமான சுரங்களின் எண்ணைக் கையால் 20 கூட்டிவிடுங்கள்.

மறுபடியும் ஒன்று: பாதியில் நிறுத்தும்போது ஒரு சுரம் மட்டும் ஓயாமல் ஒலிக்கிறதாம். கட்டையை விட்ட செய்தி கீபோர்டுக்குப் போய்ச் சேரவில்லை. ரீப்பரில் எல்லாச் சுரங்களையும் நிறுத்தும் கட்டளை இருக்கிறது. அதைத் தேடப் பொறுமை இல்லையென்றால், சிக்கிய கட்டையை ஒரு முறை அழுத்தி விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.