அமெரிக்க பாஸ்போர்ட்டோடு ஜெர்மனியில் குடித்தனம்: முதல் வருடத்தை ஓட்டுவது எப்படி

ஒஹாயோவிலிருந்து ஷ்டுட்கார்ட்டுக்குக் குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. நான், கணவர், மகள், மகன், நான்கு பேருமே அமெரிக்கக் குடிமக்கள். விசா, வேலை ஒப்பந்தம் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்களைத் திணறடித்தது வந்து இறங்கிய பிறகு வீட்டை நடத்துவதுதான், அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

சாவி கைக்கு வந்த அன்றே தபால் பெட்டியிலும் வாசல் மணியிலும் பெயரை ஒட்டிவிடுங்கள். இங்கே முகவரியில் பொதுவாக அபார்ட்மென்ட் எண் இருக்காது, தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார், பெயர் இல்லையென்றால் அது திரும்பிப் போய்விடும். நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. என் கணவருக்கு அவர் அப்பா பெயர் கடைசிப் பெயர், எனக்கு என் அப்பா பெயர், பிள்ளைகளுக்கு அவர்கள் அப்பா பெயர், ஆக ஒரே வீட்டில் மூன்று கடைசிப் பெயர்கள். நாங்கள் ஒன்றை மட்டும் ஒட்டிவிட்டு, பிள்ளைகளின் இன்சூரன்ஸ் அட்டை ஏன் வரவில்லை என்று ஒரு மாதம் காத்திருந்தோம். வங்கி அட்டை, அதன் ரகசிய எண், வரி எண், எல்லாமே தபாலில்தான் வரும், எழுத்து சின்னதாக இருந்தாலும் மூன்று பெயரையும் ஒட்டுங்கள்.

அடுத்தது ஆன்மெல்டுங், அதாவது நகராட்சியில் முகவரியைப் பதிவது. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட உறுதித்தாள், பாஸ்போர்ட்டுகள், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கொண்டுபோங்கள். அமெரிக்கப் பிறப்புச் சான்றிதழுக்கு அபோஸ்டில் முத்திரை, அதாவது அது வெளிநாட்டிலும் செல்லும் என்ற அத்தாட்சி, கேட்கலாம், அது அந்தச் சான்றிதழைக் கொடுத்த மாநிலத்தில்தான் கிடைக்கும், எனவே கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். பதிந்த சில வாரத்தில் வரி எண் வரும். அது கம்பெனிக்குப் போய்ச் சேராவிட்டால் வரியில் ஆறாம் வகுப்பு என்று வைத்து, சம்பளத்தில் பெரிய தொகையைப் பிடித்துவிடுவார்கள். கூடவே ஒளிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதமும் வரும், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும், விளம்பரம் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அமெரிக்க டிரைவிங் லைசென்ஸ் இங்கே ஆறு மாதம்தான் செல்லும். ஒஹாயோ லைசென்ஸை நாங்கள் பரீட்சை இல்லாமல் மாற்றிக்கொண்டோம், கலிஃபோர்னியாவிலிருந்து வந்த நண்பர்கள் எழுத்துத் தேர்வும் வண்டி ஓட்டும் தேர்வும் கொடுக்க வேண்டியிருந்தது. உங்கள் மாநிலத்துக்கு என்ன விதி என்று முதல் வாரமே பாருங்கள்.

சாமான் கட்டும்போது 110 வோல்ட் மிக்ஸியை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆனால் ஊரிலிருந்து வாங்கிவந்து ஓட்ட முடியாமல் அலமாரியில் கிடக்கும் கிரைண்டர் இருந்தால் அதைக் கட்டாயம் கொண்டுவாருங்கள், பிளக் மாற்றினால் போதும், நன்றாக மாவாட்டும்.

இனி வாரத்தின் ஒழுங்கு. எனக்கு மிகவும் பழக வேண்டியிருந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது. ரயில் நிலையக் கடை, பெட்ரோல் பங்க், சில பேக்கரிகள் திறந்திருக்கும், அவ்வளவுதான். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பால், முட்டை, பிள்ளைகளுக்கு டயப்பர் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், திங்கள் விடுமுறை என்றால் இரண்டு நாளுக்குச் சேர்த்து. ஞாயிறன்று சுவரில் துளை போடக்கூடாது, புல் வெட்டக்கூடாது, கண்ணாடிப் பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் கொண்டுபோய்ப் போடவும் கூடாது, அந்தச் சத்தம் பக்கத்து வீடுகளுக்குத் தொந்தரவு. இரவு பத்து மணிக்கு மேலும் அமைதி வேண்டும்.

இந்தப் பக்கத்துக்கே உரிய இன்னொன்று கேர்வோகெ. வந்த இரண்டாவது வாரம் எங்கள் கதவில் ஒரு சின்ன மரப்பலகை தொங்கியது. எனக்குப் புரியாமல் கீழ் வீட்டு அம்மாளிடம் எடுத்துக்கொண்டு போனேன். இந்த வாரம் மாடிப்படி பெருக்கும் முறை உங்களுடையது என்றார், என் ஜெர்மன் போதாது என்று தெரிந்ததும் தானே துடைப்பத்தோடு மேலே வந்து செய்து காட்டினார். ஒவ்வொரு படியின் மூலையும், பிறகு கைப்பிடிக் கம்பி, பிறகு மிதியடியைத் தூக்கி அதன் அடியிலும். வேலை முடிந்ததும் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். ஷ்டுட்கார்ட்டில் எனக்குக் கிடைத்த முதல் பழக்கம் அவர்தான். உங்கள் முறை வந்தால் ஆள் வைத்துச் செய்யாதீர்கள், நீங்களே துடையுங்கள், மேலே போகிறவர் கீழே போகிறவர் எல்லோரும் நின்று இரண்டு வார்த்தை பேசுவார்கள்.

பள்ளிக்கூடம். வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்க இங்கே அனுமதி இல்லை. 2020 முதல் பள்ளிக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட சான்று கட்டாயம், அமெரிக்க டாக்டரிடம் முழுத் தடுப்பூசிப் பட்டியலையும் வாங்கி வாருங்கள். மொழி தெரியாத பிள்ளைகளுக்கு ஆயத்த வகுப்பு உண்டா என்று சேர்க்கும்போதே கேளுங்கள். தொடக்கப் பள்ளி பல இடங்களில் மத்தியானத்தோடு முடிந்துவிடும், பிற்பகல் பராமரிப்புக்கு அன்றைக்கே எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் பெற்றோரில் ஒருவர் வேலையைக் குறைக்க வேண்டி வரும். பிள்ளைகள் தனியாக நடந்துதான் பள்ளிக்குப் போவார்கள். ஒஹாயோவில் கார் வரிசையில் நின்று பழகிய எனக்கு அடிவயிறு கலங்கியது. இரண்டு வாரம் கூடவே நடந்தேன், அப்புறம் பத்தடி பின்னால், அப்புறம் தெருமுனை வரை. அப்படிப் படிப்படியாக விடுங்கள்.

மதிப்பெண்ணைப் பற்றிப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இங்கே 1 என்றால் மிக நன்று, 6 என்றால் தோல்வி. என் மகள் கணக்குத் தாளில் 1 வாங்கிவிட்டு, அதைப் பைக்குள் நான்காக மடித்து ஒளித்து வைத்திருந்தாள். ராத்திரி சாப்பிடும்போது அழுகை. அந்தக் குழந்தை ஒரு நாள் முழுக்கத் தவித்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மனது கேட்பதில்லை.

உடம்புக்கு முடியவில்லை, டாக்டர் கடையை மூடிவிட்டார் என்றால் 116117, உயிருக்கு ஆபத்து என்றால் 112. இரண்டையும் ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள்.

எங்கே இருந்தாலும் அமெரிக்கா நம்மை விடாது. குடிமகன் என்றால் வருமானத்தைப் பொறுத்து அங்கேயும் வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு ஜூன் 15 வரை தானாகவே அவகாசம் உண்டு, ஆனால் பாக்கி இருந்தால் வட்டி ஏப்ரல் 15 முதலே ஓடும். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையைத் தனியாகக் கொடுக்க வேண்டும், ஊர் வங்கியில் வெளிநாடுவாழ் இந்தியர் வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்கும் இதில் சேரும். ஜெர்மன் வங்கியில் ஆசையாகக் காட்டும் ஃபண்டு, ஈடிஎஃப் எதிலும் அவசரப்பட்டுப் பணம் போடாதீர்கள், அமெரிக்க வரித் துறை அதைக் கடுமையாக நடத்தும். பிள்ளைகள் இருந்தால் படிவம் 2555 (வெளிநாட்டுச் சம்பளத்துக்கு விலக்கு), படிவம் 1116 (வெளிநாட்டில் கட்டிய வரிக்குக் கழிவு) இரண்டில் எது என்று கணக்காளரிடம் கட்டாயம் கேளுங்கள். 2555 போட்டால் குழந்தைகளுக்கான வரிச் சலுகையில் திரும்பக் கிடைக்கும் பகுதி போய்விடும். ஜெர்மன் வரி அதிகம் என்பதால் பல குடும்பங்களுக்கு 1116 தான் நல்லது, எங்களுக்கும் அப்படித்தான்.

பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் அமெரிக்க பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான், புதுப்பிக்கும்போது பொதுவாக அப்பா அம்மா இருவரும் பிள்ளையோடு அமெரிக்கத் தூதரக அலுவலகத்துக்குப் போக வேண்டும். நினைத்தால் பள்ளிக்கு லீவு போட முடியாது, எனவே அதைப் பள்ளி விடுமுறையில் வரும்படி பதிவு செய்யுங்கள். ஓட்டுப் போட ஒவ்வொரு ஜனவரியிலும் தபால் வாக்குக்கான படிவத்தை, கடைசியாக வசித்த மாநிலத்துக்கு அனுப்புங்கள்.

தேங்க்ஸ்கிவிங் இங்கே வெறும் வியாழக்கிழமை. நாங்கள் அதைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவிட்டோம். முழு வான்கோழிக்கு மூன்று வாரம் முன்பே கறிக்கடையில் சொல்லிவைக்க வேண்டும், சொல்லும் முன் ஓவனின் உட்புறத்தை அளந்துகொள்ளுங்கள், ஐந்து கிலோவுக்கு மேல் எங்களுடையதில் நுழையாது. டின்னில் அடைத்த பூசணி தேடி அலைய வேண்டாம், ஹொக்கைடோ பூசணியைச் சுட்டு மசித்தால் பம்ப்கின் பை அருமையாக வரும். கிரான்பெரிக்குப் பதிலாகக் கீழ் வீட்டு அம்மாள் வருடா வருடம் பிரைசல்பேரன் என்ற பழத்தின் ஜாம் கொண்டுவருகிறார். சாப்பாடு முடிந்து மிஞ்சும் பாட்டில்களை பால்கனியில் ஓரமாக வையுங்கள், தொட்டிக்குத் திங்கட்கிழமை கொண்டுபோகலாம்.