பிலானிக்குப் போனா ஹாஸ்டல் வாசலோட திரும்பிடாதீங்க

பிள்ளைய பிட்ஸ் பிலானி இன்ஜினியரிங் காலேஜ்ல சேர்க்கப் போற நம்ம ஊர்க்காரங்க முக்கால்வாசிப் பேர், டெல்லில இறங்கி கார் பிடிச்சு போய், பெட்டிய இறக்கி வச்சு, கேம்பஸ்ல ரெண்டு போட்டோ எடுத்துட்டு மறுநாளே வண்டி ஏறிடுறாங்க. பொண்ண சேர்க்கப் போனப்போ நானும் அப்படித்தான் வந்தேன். அப்புறம் ரெண்டு தடவ போனப்போதான் அந்த ஊரச் சுத்தி என்ன இருக்குன்னே தெரிஞ்சுது, அதான் உங்களுக்காச்சும் முன்னாடியே சொல்லிடலாம்னு எழுதுறேன். மூணு நாள் ஒதுக்குங்க, போதும்.

பிலானி இருக்கறது ராஜஸ்தான்ல ஜுன்ஜுனு மாவட்டம், அந்தப் பக்கத்துக்கே ஷேகாவதின்னு பேரு. மணல் பூமி. ஆனா இங்கேர்ந்து கல்கத்தா, பம்பாய்னு வியாபாரத்துக்குப் போன மார்வாடிக் குடும்பங்க சம்பாதிச்ச காச சொந்த ஊருக்கு அனுப்பி ஹவேலின்னு சொல்ற பெரிய பெரிய மாளிகை வீடுங்களா கட்டி, உள்ளயும் வெளியவும் சுவர் முழுக்க ஓவியம் வரைய வச்சிருக்காங்க. பிர்லா குடும்பத்துக்கும் சொந்த ஊர் பிலானிதான்.

எப்போ போறதுன்னா, நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும். பக்கத்து மாவட்டம் சூரு, அங்க 2019 ஜூன்ல 50 டிகிரிய தாண்டிச்சு, அதனால கோடைய நினைச்சே பாக்காதீங்க. டிசம்பர் ஜனவரில ராத்திரி குளிர் பூஜ்யத்துக்குப் பக்கத்துல போகும், காலைல பனிமூட்டத்துல ரயிலும் பஸ்ஸும் லேட் ஆகும், ஸ்வெட்டர் ஒண்ணு பத்தாது, காதுக்குக் குல்லா கண்டிப்பா வேணும்.

டெல்லிலேர்ந்தும் ஜெய்ப்பூர்லேர்ந்தும் பிலானிக்கு கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். ஊருக்குள்ள ரயில் வராது, பக்கத்து ஸ்டேஷன் சிராவா. மொத நாள் பிலானிக்கே குடுங்க. 1964ல பல்கலைக்கழகமா ஆன பிட்ஸ், அதோட மணிக்கூண்டு, எதிர்ல முழுக்க வெள்ளைப் பளிங்குல சரஸ்வதி கோயில். சாயங்காலம் வெயில் இறங்கின பிறகு போங்க, அப்போதான் கல்லு லேசா மஞ்சளா மாறும். கோபுரத்தோட வெளிப்பக்கத்த நிதானமா பாருங்க, சாமி உருவங்களோட விஞ்ஞானிகளும் இருப்பாங்க. பிர்லா மியூசியத்துல சுரங்க மாடல் இருக்கு, கூட வர்ற தம்பி தங்கச்சிக்கு ரொம்பப் பிடிக்கும். ராத்திரி பிள்ளையையும் ஃப்ரெண்ட்ஸையும் கூட்டிக்கிட்டு கேம்பஸ்குள்ள இருக்கற கனாட்ங்கற கடைவீதில சாப்பிடுங்க, பசங்க அத சீநாட்டுன்னுதான் சொல்லுவாங்க.

ரெண்டாவது நாள் காலைல ஏழு மணிக்கே கார் எடுத்துடுங்க. வழில சிராவால பேடா வாங்கிக்கோங்க, அந்த ஊருக்கே அதுதான் பேரு. அடுத்து ஜுன்ஜுனு. அங்க கேத்ரி மஹால்னு 1770 வாக்குல கட்டினது, கதவு ஜன்னலே இல்லாம தூணும் வளைவுமா, காத்துக்காகவே கட்டின மாதிரி இருக்கும். மத்தியானத்துக்குள்ள மண்டாவா போய் அங்கயே தங்கிடுங்க.

இங்க ஒரு விஷயம் கேளுங்க. ரெண்டாவது தடவ போனப்போ டிரைவர் பேச்சக் கேட்டு ஒரே நாள்ல நாலு ஊர் சுத்தினோம், ராத்திரி படுத்தா எந்த சுவர எந்த ஊர்ல பாத்தோம்னே ஞாபகம் இல்ல. அதனால ஊரக் குறைங்க, நேரத்தக் கூட்டுங்க. மண்டாவால பன்சிதர் நெவாட்டியா ஹவேலின்னு கேட்டு, அந்த வெளிச்சுவர் முன்னாடி கால் மணி நேரம் நில்லுங்க. ரைட் சகோதரர்களோட விமானம் பறக்குது, அத கீழேர்ந்து சேல கட்டின பொம்பளைங்க கை நீட்டிக் காட்டுறாங்க! இன்னொரு இடத்துல ஒரு பையன் டெலிபோன் பேசுறான். ராமரும் கிருஷ்ணரும் இருக்கற அதே ஊர்ச் சுவர்லதான் ரயிலும் காரும் வரும். வரைஞ்சவங்க பல பேர் அதெல்லாம் நேர்ல பாத்திருக்கவே மாட்டாங்க, அதனாலதான் சில ரயில் பெட்டி வீடு மாதிரியே இருக்கும், ஜன்னலுக்கு ஒரு தலை.

கலர வச்சு காலத்தயும் ஓரளவு சொல்லிடலாம். காவி, கரிக்கருப்பு, அவுரி நீலம்னு அடக்கமா இருந்தா பழசு. பளீர்னு அடிக்கிற நீலமும் சிவப்பும் 19ஆம் நூற்றாண்டு கடைசில ஜெர்மனிலேர்ந்து வந்த ரசாயனச் சாயம். ஈரச் சுண்ணாம்பு காயறதுக்குள்ள வரைஞ்சதால கலர் உள்ள இறங்கி இத்தன வருஷம் நிக்குது, ஆனா காரை பேந்துச்சுன்னா ஓவியமும் சேந்துதான் விழும். தயவு செஞ்சு கை வைக்காதீங்க, ஃப்ளாஷும் வேண்டாம்.

மூணாவது நாள் நவல்கர். 1902ல கட்டின போதார் ஹவேலி இப்போ மியூசியம், நல்லா புதுப்பிச்சு வச்சிருக்காங்க. மொதல்ல அதப் பாத்துடுங்க, அப்போதான் மத்த ஹவேலிங்க ஒரு காலத்துல எப்படி இருந்திருக்கும்னு புரியும். அங்கேர்ந்தே ஜெய்ப்பூருக்கு ரயிலோ பஸ்ஸோ பிடிச்சுடலாம்.

கூட ஒரு நாள் கிடைச்சா கேத்ரிக்குப் போங்க, நான் மனசார சொல்றேன். விவேகானந்தர் 1893ல சிகாகோ போறதுக்கு சென்னைல அளசிங்கப் பெருமாள் வீடு வீடா பணம் திரட்டினார்னு நமக்குத் தெரியும், இன்னொரு பக்கம் கை குடுத்தது கேத்ரி ராஜா அஜித் சிங். விவேகானந்தர்ங்கற பேரயே அவர்தான் சொன்னார்னு சொல்லுவாங்க. விவேகானந்தர் அங்க தங்கின அரண்மனை இப்போ ராமகிருஷ்ண மிஷன்கிட்ட இருக்கு.

பல ஹவேலி பூட்டித்தான் இருக்கும், ஓனருங்க எங்கயோ கல்கத்தால. பக்கத்துல காவல்காரர் இருப்பாரு, "அந்தர் தேக் சக்தே ஹை?" (உள்ள பாக்கலாமா?)ன்னு மரியாதையா கேளுங்க, சில்லறையா நோட்டு கைல வச்சுக்கோங்க. நவல்கர்ல ஒரு பெரியவர் அப்படித்தான் திறந்து விட்டாரு, முற்றத்துல புறா எச்சமும் தூசியுமா கிடந்துச்சு, அவர் தோள்ல இருந்த துண்ட எடுத்து ஒரு சுவர்க்கிட்ட மெதுவா வீசி தூசி தட்டி, கிருஷ்ணரோட முகத்த மட்டும் எங்களுக்குக் காட்டினாரு.