நாய்ச் சொறிக்குக் கழிவு ஒயில் பூசாதேங்கோ

வன்னியில் நாய்க்குச் சொறி என்றவுடன் உழவு மெசினின் கழிவு ஒயிலைத்தான் தேடுகிறோம். தயவுசெய்து வேண்டாம். நாய் அதை நக்கும், உடம்புக்குள் நஞ்சேறும்.

காது விளிம்பை இரண்டு விரலால் தேய்த்துப் பாருங்கோ. பின்னங்கால் தானாகச் சொறிய எழும்பினால் தோலுக்குள் துளைத்து வாழும் சொறிப்பூச்சியாக இருக்கலாம். காது நுனி, முழங்கை, வயிற்றில் மயிர் கொட்டிப் பொருக்குத் தட்டும். தூக்கிக் கொஞ்சும் பிள்ளைகளுக்கும் தோல் கடிக்கத் தொடங்கும். குட்டிக்குக் கண்ணைச் சுற்றி, பெரிய சொறிச்சல் இல்லாமல் மயிர் உதிர்ந்தால் அது பெரும்பாலும் வேறு வகைச் சொறி, ஆட்களுக்குத் தொற்றாது.

கால்நடை வைத்தியர் தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். சொறிப்பூச்சியைக் கொல்லும் ஐவர்மெக்டின் ஊசி நாயின் நிறைக்குத்தான் அளவு. மாட்டுக்கு வாங்கினதைக் குத்துமதிப்பாகப் போட்டால் உயிரே போகலாம். வளவிலுள்ள எல்லா நாய்க்கும் ஒன்றாக மருந்து செய்யுங்கோ, படுக்கிற சாக்கை எரியுங்கோ.